ஆயில் திரும்பும் வழி

என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டில்கூட நாலு வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். ஆனால் எஞ்சின் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும், இலையில் சோறு ஆறி அவலாகும்வரை பேசுவார். அரக்கோணம் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தார். டிராக்டர், பம்புசெட், எப்போதாவது ஒரு லாரி. கல்யாணமான புதிதில் அவர் சொல்வது எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் உம் கொட்டிக்கொண்டிருப்பேன். வருஷக்கணக்கில் உம் கொட்டினால் மாட்டுக்குக்கூடக் கொஞ்சம் விளங்கிவிடும். அப்படித் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

அவர் பேச்சைக் கடைசிவரை காது கொடுத்துக் கேட்பவன் என் தம்பி ஒருவன்தான். எங்கள் நைனாவும் அம்மாவும் காலமான பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியதும் அவன்தான். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டு போகிற வழியில் நாங்கள் பிறந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வந்துவிடுவான். கையில் ஒரு பூசணிக்காயோ முருங்கைக்காய்க் கட்டோ இருக்கும். வாசலில் "அக்கா" என்று ஒரு குரல், உள்ளே வந்ததும் "பாவா" என்று ஒரு குரல். அக்கா புருஷனை எங்கள் பக்கத்தில் பாவா என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருத்தர் கை கழுவினால்தான் இன்னொருத்தர் எழுவார். சோற்றுப் பானையைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் ஓய்வார்கள். எனக்கு முந்தின நாள் பழையதுதான் கிடைக்கும். திட்டிக்கொண்டே பரிமாறுவேன். அந்த ஒரு வேளைக்காக வாரம் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்தேன் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. நைனா விட்டுப்போன பழைய டிராக்டரை வைத்துத்தான் தம்பி பிழைத்துக்கொண்டிருந்தான். கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக்கு லோடு அடிப்பான். ஊரைத் தாண்டினால் ஏரிக்கரை மேடு ஒன்று வரும். முழு லோடோடு அந்த மேட்டை ஏறமுடியாமல் டிராக்டர் முக்கி முனகி நின்றுவிடும். பாதிக் கரும்பைக் கரைக்குக் கீழே இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாக அடிக்க வேண்டும். பின்னால் வருகிற புது டிராக்டர்காரர்கள், "தாத்தாவ கொஞ்சம் ஓரமா ஒக்கார வைப்பா" என்று கேலி பேசுவார்கள். எல்லாரும் வித்துத் தொலை என்றார்கள். நைனா உட்கார்ந்த சீட்டு என்று அவனுக்கு மனசு வரவில்லை. எனக்கும்தான்.

அப்போதுதான் கல் குவாரி ஒன்றில் உடைந்து கிடந்த வெளிநாட்டுக் கம்ப்ரஷர் எஞ்சினிலிருந்து என் வீட்டுக்காரர் ஒரு டர்போவைக் கழற்றி வந்தார். பெரிய நத்தை மாதிரி இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அதை இலைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தம்பிக்குப் பாடம் நடத்தினார். எஞ்சின் வெளியே தள்ளும் புகை இதற்குள் இருக்கிற ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் டீசல் நன்றாக எரியும், இழுவை கூடும். தம்பியின் முகம் தீபாவளிக்கு வேட்டு வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது.

மாட்டுவது பெரிய காரியம் இல்லை என்றார். ஆயில்தான் பெரிய காரியம். அந்த அச்சு அசுர வேகத்தில் சுற்றும், அதற்கு ஆயில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகிற ஆயிலை பம்பு தள்ளிவிடும், அதற்கு மெல்லிசு குழாய் போதும். திரும்பி வருகிற ஆயிலைத் தள்ள ஆள் கிடையாது. தன் கனத்தால் தானே கீழே இறங்கி, எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டியில் விழ வேண்டும். அதுவும் நுரைத்துக்கொண்டு வரும். கஞ்சி வடிக்கிறபோது தட்டை அழுத்தி மூடினால் என்ன ஆகும் என்று என்னைக் கேட்டார்.

"கஞ்சி எறங்காது. பொங்கி அடுப்புல ஊத்தும்" என்றேன்.

"அதேதான். இதுல அடுப்புக்கு பதிலா எஞ்சின்" என்றார்.

திரும்பும் குழாய் அகலமாக, நேராக, எங்கேயும் மேடு ஏறாமல் இறங்க வேண்டும். தொட்டியில் நிற்கிற ஆயிலின் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். இவ்வளவும் அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தார் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

சிக்கல் எங்கே வந்தது என்றால், அந்தப் பழைய டிராக்டரின் ஆயில் தொட்டி வார்ப்பு இரும்பு. முன்னச்சு, எஞ்சின் எல்லாப் பாரமும் அதன் மேல்தான். டர்போவுக்கு நேர் கீழே அதில் ஒரு துளை போட வேண்டும். போடும்போது விரிசல் விட்டால் தொட்டி போச்சு. அந்த மாடலுக்கு வேறு தொட்டி தேடினாலும் கிடைக்காது. வேறு யார் வண்டியாவது என்றால் துணிந்து போட்டிருப்பார். மாமனார் வண்டி, மச்சான் பிழைப்பு. கை வரவில்லை. தொட்டியின் பின்பக்கமாக, கம்பெனியிலேயே போல்ட் போட்டு மூடியிருந்த ஒரு துளை இருந்தது. குழாயைச் சாய்வாகக் கொண்டுபோய் அதில் சேர்த்தார். ஆயில் மட்டத்துக்கு இரண்டு விரல் மேலே. போதும் என்று தோன்றியது.

போதுமாகத்தான் இருந்தது. வயலில் உழுது பார்த்தார்கள், லோடு அடித்துப் பார்த்தார்கள். ஆயில் எரிந்தால் வருகிற நீலப் புகை கொஞ்சம்கூட இல்லை. ஏரிக்கரை மேட்டை முழுக் கரும்போடு ஒரே மூச்சில் ஏறினான் தம்பி. சின்ன மேடு, கண் மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும். அன்றைக்கு இறங்கி வந்து என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு சுற்றினானாம். அவர் வெட்கப்பட்டுக்கொண்டே வந்து என்னிடம் சொன்னார்.

எங்கள் ஊரில் புது வண்டி வாங்கினால் திருத்தணி மலைக்கு ஓட்டிப்போய் முருகன் சந்நிதிக்கு முன்னால் பூசை போடாமல் தொழிலுக்கு இறக்கமாட்டார்கள். இது பழைய வண்டிதான். ஆனால் தம்பிக்கு அது மறுபிறவி எடுத்து வந்த மாதிரி. பூசை போட்டே ஆக வேண்டும் என்றான். பூசைக்குப் போகிற வண்டியில் எதுவும் குறைவாக இருக்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். டீசல் டாங்கி நிறைய, ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய, டிரைலரில் ஆள் நிறைய. அந்த நிறைவு மனசில் இருந்ததால் அன்று காலை அவன் எஞ்சின் ஆயிலையும் நிறைய ஊற்றியிருக்கிறான். அளவு பார்க்கும் கம்பியில் கோட்டுக்கு மேலே எவ்வளவு ஏறியது என்று பார்க்கவில்லை. சாமிக்குப் போகும்போது கோடு என்ன கோடு.

சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டுக் கிளம்பினோம். தம்பி ஓட்டினான். மட்கார்டு மேல் என் வீட்டுக்காரர். பின்னால் டிரைலரில் நான், என் மடியில் என் மகள், தம்பி பெண்டாட்டி, ஊர்க்காரர்கள். மகளுக்கு அப்போது சரியாகப் பேச்சுக்கூட வராது. மலைப் பாதையில் பாதிக்கு மேல் ஏறியபோது வளைவில் ஒரு பஸ் இறங்கி வந்தது. அதற்கு வழி விட்டு, மூக்கை மேலே தூக்கினபடி, எஞ்சினை ஓடவிட்டு ஓரமாக நின்றோம். பஸ்காரன் அங்குலம் அங்குலமாகத் திருப்பிக்கொண்டிருந்தான். எங்கள் டிரைலரில் பெண்கள் அரோகரா சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டி மூக்கைத் தூக்கி நின்றால் தொட்டியில் ஆயில் பின்பக்கம் சேரும். அந்தத் துளையும் பின்பக்கம்தான். துளை ஆயிலுக்குள் முங்கிவிட்டது. திரும்பி இறங்க வேண்டிய ஆயில் இறங்க வழியில்லாமல் டர்போவுக்குள்ளேயே நிரம்பி, காற்றோடு சேர்ந்து எஞ்சினுக்குள் போக ஆரம்பித்தது. டீசல் எஞ்சின் ஆயிலைத் தின்னவும் தயங்காது. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது தெரிந்தது வெள்ளையும் நீலமுமாகக் குபுகுபுவென்று வந்த புகைதான். அதற்குப் பிறகு அந்தச் சத்தம். யாரும் ஆக்சிலேட்டரைத் தொடாமலேயே எஞ்சின் தானாக ஊளையிட்டுக்கொண்டு ஏறியது.

தம்பி நிறுத்தும் கம்பியை இழுத்தான். அது டீசலை நிறுத்தும், அவ்வளவுதான். எஞ்சின்தான் தன் ஆயிலையே தின்றுகொண்டிருந்ததே. என் வீட்டுக்காரர் கீழே குதித்து டிரைலர் சக்கரத்துக்குப் பின்னால் கல் வைக்க ஓடினார். வண்டி பின்னால் உருண்டால் அத்தனை பேரும் பள்ளத்தில். ஓடிக்கொண்டே கத்தினார்:

"கேர்ல போட்டு கிளச்ச உடு! பிரேக்க மெரிச்சிகினே உடு! எஞ்சின் அமுங்கி நின்னுடும்!"

தம்பி ஒரு தரம் திரும்பி டிரைலரைப் பார்த்தான். ஆட்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையோடு குதிக்க முடியாமல் நான் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். கிளச்சை விட்டு, எஞ்சின் அமுங்காமல் வண்டி முன்னால் பாய்ந்தால் வளைவுக்கு அப்பால் ஒன்றும் இல்லை. அவன் பிரேக்கைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கினான். டர்போவுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயைப் பிடுங்கினான். தோளில் இருந்த துண்டைச் சுருட்டி, அந்த வாயில் வலது கையால் அழுத்தினான். காற்று இல்லாவிட்டால் எஞ்சின் நின்றுவிடும் என்று பாவா சொல்லிக் கொடுத்ததுதான். துண்டை உள்ளே இழுத்தது. துண்டோடு கையையும் இழுத்தது.

எஞ்சின் நின்றது. மேலே கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அந்த மணியை இன்று வரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கட்டை விரல் ஒன்றுதான் மிஞ்சியது.

டிராக்டரை வேறொரு டிராக்டரில் கட்டி இறக்கிப் பட்டறையில் விட்டார்கள். என் வீட்டுக்காரர் நாலைந்து நாள் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு ஒரு காலையில் ஆயில் தொட்டியை இறக்கி, முன்பக்கம் டர்போவுக்கு நேர் கீழே துளை போட்டார். நான் காபி கொண்டு போனபோது திரும்பிப் பார்க்காமல் துளைக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தார். விரிசல் விடவில்லை. எண்ணெய் பூசின மாதிரி வழுவழுவென்று துளை விழுந்தது. அதில் அகலமான ஒரு குழாய், ஸ்டீயரிங் கம்பியை ஒட்டி ஒரு சின்ன வளைவு, நேரே தொட்டிக்குள்.

கட்டுப் போட்ட கையோடு தம்பி பார்க்க வந்தான். வெகுநேரம் குனிந்து பார்த்தான். குழாய் ஒரு சாண்கூட இருக்காது.

"இவ்ளோதானா பாவா?"

"ஆங். இவ்ளோதான்."

தம்பி அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டான். ஆனால் என் வீட்டுக்காரர் அன்றைக்குப் பட்டறைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர், கூப்பிடக் கூப்பிட எழுந்து வரவில்லை.

டிராக்டர் அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. தம்பி ஆள் வைத்து ஓட்டினான். முன்போலவே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். குழம்பு முழங்கைக்கு வழியும், சோறு மடியில் சிந்தும். நான் பிசைந்து உருட்டிக் கொடுத்தால், "நான் இன்னா கொயந்தையா?" என்று சிரிப்பான். என் வீட்டுக்காரருக்கு அந்த ஞாயிறுகளில் வயிறு சரியில்லாமல் போய்விடும். ஒன்று பசிக்கவில்லை என்பார், இல்லையென்றால் இரண்டு வாய் வைத்துவிட்டு இலையை மூடுவார். நான் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

கொஞ்ச நாளில் தம்பி வருவது குறைந்தது. பிறகு நின்றே போனது. பொங்கல் சீரைப் பெண்டாட்டி கையில் பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சீர்த்தட்டை இடது கையால் கொடுக்க வெட்கப்படுகிறான் என்றார்கள் சிலர். கையை எடுத்தவன் வீட்டில் எவன் கை நனைப்பான் என்றார்கள் சிலர். இரண்டாவதுதான் எனக்கு நிஜமாகப் பட்டது. ஒரு பொங்கலுக்குத் தட்டைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினேன். அப்படியாவது சண்டை போட வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மட்டும் உலை வைக்கப் பழக எனக்கு ரொம்ப நாள் ஆனது. பாழாய்ப்போன கை தானாகவே அரிசியை அதிகமாக அள்ளும்.

என் மகள் பெரியவளானாள். தாய்மாமன் வந்து மாலை போட்டு முறை செய்ய வேண்டும். அவன் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. ஆள் விட்டுச் சொன்னால் மறுபடியும் தட்டுதான் வரும் என்று, நானே பள்ளிப்பட்டு பஸ் ஏறிப் போனேன். வழியெல்லாம் என்னென்ன திட்ட வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு முன்னால் நடவுக்குக் கரும்புக் கரணை வெட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முடி நரைக்க ஆரம்பித்திருந்தது.

"ஒக்காருக்கா. மோர் குடி."

"மோரும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம். அந்த மனுசன் மேல கோவம்னா நேரா வந்து நாலு அறை அறைஞ்சிட்டு போ. வாங்கிக்குவாரு. இப்படி வராம இருந்து எங்கள கொல்லாத."

"கோவமா? பாவா மேலயா?" அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். "நான் வந்தா அவரு துன்றதில்லக்கா."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"நான் எடது கைல அள்ளி வாயில வெக்கறத பாத்துகினே இருப்பாரு. பாத்துட்டு எலைய மூடிடுவாரு. ஒவ்வொரு வாட்டியும். நாள் பூரா இரும்பு தூக்கற மனுசன் அவரு. நான் வந்து வயிறு ரொம்ப துன்னுட்டு, அவர பட்டினி போட்டுட்டு வரணுமா?"

"இத நீ அவராண்ட சொல்லலாமில்ல."

"சொன்னேன். கோட்டுக்கு மேல ஆயில் ஊத்தனது நான்தான், உங்க மேல இன்னா தப்பு கீதுன்னு சொன்னேன். நீ எவ்ளோ ஊத்தனாலும் தாங்கற மாரி நான் போட்டிருக்கணும்டான்னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல இன்னா பேசறது?"

நான் சேர்த்து வைத்துக்கொண்டு போன வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மோரைக் குடித்தேன். அழுகை வந்தது, அழுதேன். கோபக்காரன் என்று நினைத்திருந்தவரை அவனைத் திட்டி ஆற்றிக்கொள்ளவாவது ஒரு வழி இருந்தது. இரண்டு பேரும் ஒருத்தருக்காக ஒருத்தர் இப்படி இருந்தால் நான் யாரைத் திட்டுவது?

"சடங்குக்கு வருவேன்கா. என் பொண்ணுக்கு நான் வராமலா?" என்றான்.

வந்தான். பந்தலில் நின்று, மாலையை இடது கையிலும் வலது கையின் கட்டை விரலிலுமாகப் பிடித்து அவள் கழுத்தில் போட்டான். தட்டை அவனும் பெண்டாட்டியும் சேர்ந்து கொடுத்தார்கள். ஒரு கிழவிகூட வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கு என் கையால் ஏதாவது நடந்திருக்கும். என் வீட்டுக்காரர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாப்பா" என்றார். "நல்லா கீறீங்களா பாவா" என்றான் அவன். 

பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். தாய்மாமனுக்குத்தான் முதல் இலை. நான் தேடியபோது அவன் பந்தலுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். தாய்மாமன் சாப்பிடாமல் போனால் அந்த வீட்டுக்கு அதைவிட அவமானம் இல்லை. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவன் பந்தலுக்குள் கண்ணைக் காட்டினான். அங்கே என் வீட்டுக்காரர் யாரோ வற்புறுத்தி உட்காரவைத்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்காவது துன்னட்டும்கா" என்றான்.

கையை விட்டேன்.

நான் உள்ளே வந்ததும் அவர் கேட்டார்: "தம்பி எங்க?"

"அவசரமா கெளம்பிட்டான். கரும்பு வெட்டு கீதாம். உள்ள தனியா எலை போட்டு மொதல்லயே சாப்புட வெச்சிட்டேன்."

"நல்லா சாப்ட்டானா?"

"ஆங். ரெண்டு வாட்டி சோறு வாங்கி சாப்ட்டான்."

 அவர் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்து, "எனக்கும் போடு" என்றார். வெளியே பள்ளிப்பட்டு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கிளம்புவது கேட்டது. நான் சோற்றுத் தட்டை எடுத்து அவர் இலைக்குக் குனிந்தேன். அன்றைக்கு அவர் வயிறாரச் சாப்பிட்டார்.